உள்ளேன் ஐயா சொல்லாத கார்டு

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அசோக்குமார் அவர்களுக்கு,

மாமனார் கோதண்டம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, போன முறை நீங்கள் முட்டுக் கொடுத்துவிட்டுப் போன முருங்கை மரம் எல்லோரும் சௌக்கியம். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் சௌக்கியமில்லை. புனேயில் நீங்களும் அனிதாவும் சுகமாக இருக்க மலைமேல் இருப்பவர் பார்த்துக்கொள்வார். தினமும் காலையில் கீழே ரோட்டில் நின்றபடியே அவரைக் கும்பிட்டு இதை நினைவுபடுத்தி வருகிறேன்.

கைக்குள் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. எனக்கு மெதுவாகப் பேச வராது. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை இது; நான் ரகசியம் பேசினால் கே.ஜி.கண்டிகை பஸ்ஸுக்கு நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், எனக்கு வருகிற செய்திகளை எல்லாம் உங்கள் அத்தைதான் எடுத்து உரக்கப் படித்துச் சொல்கிறாள். முக்தார் அகமது கடையிலிருந்து பேசலாம் என்றால், அங்கே மோட்டார் கட்ட வந்தவன், மிக்சி ரிப்பேருக்கு வந்தவன் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஆகவே கவர். அதன் மேல் வேண்டுமென்றே 'இன்சூரன்ஸ் சம்பந்தமாக' என்று எழுதியிருக்கிறேன், அனிதா அதைத் தொடமாட்டாள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவளுக்குத் தெரிந்தால் அவள் அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி, அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்த மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது கூடத்தில் அந்த சிபியுவை வைத்து, லினக்ஸ் போட்டு, செங்கல் கனத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி, உங்கள் அத்தையை எதிரில் உட்காரவைத்து விளக்கினீர்கள். எங்கேயோ ஆராய்ச்சி செய்கிறவர்கள் உடம்பிலுள்ள புரதம் எப்படி மடிகிறது என்கிற ஒரு மாபெரும் கணக்கைத் துண்டு துண்டாக்கி வீடு வீடாக அனுப்புகிறார்கள், நம் மெஷின் தன் பங்குத் துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும், நடுக்குவாதம் எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க அது உதவும் என்றீர்கள். அவள் திருதிருவென்று விழித்தாள். நான் குறுக்கே புகுந்து, இது நம் மலையில் வருஷக் கடைசியில் நடக்கிற படித் திருவிழா மாதிரி என்றேன். ஒரு படிக்கு ஒரு கூட்டம் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்திப் பாட்டுப் பாடுகிறது, எந்தக் கூட்டமும் மொத்த மலையையும் பூஜை போடுவதில்லை, ஆனாலும் மொத்த மலைக்கும் பூஜை ஆகிவிடுகிறது. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அப்போ இந்தப் பொட்டி என் நோவுக்காவ வேல செய்யுதா?" என்று உங்களைக் கேட்டாள். நீங்கள் ஆமாம் என்றீர்கள். அதோடு நீங்கள் ரயில் ஏறிவிட்டீர்கள். அதற்கப்புறம் இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

டாக்டர் அவளைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார், விரல்களை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார். விட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும், விட்டதைப் பிடிப்பது கஷ்டம் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். நானோ பி.டி. மாஸ்டர். ஜில்லாவுக்கே டிரில் சொல்லிக்கொடுத்தவன். விசிலை எடுத்து வாயில் வைத்து இடது வலது என்றேன். உங்கள் அத்தை விசிலைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான். அப்படிப்பட்டவள் நீங்கள் போன மறுநாள் காலையில் தானாக எழுந்து கூடத்துக்கும் கொல்லைக்கும் நடக்க ஆரம்பித்தாள். என்ன ஏது என்று கேட்டதற்கு, "எனக்காவ ஒருத்தன் ராவும் பகலும் ஒழைக்கறான், நான் உக்காந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்" என்றாள். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லையா, ஒருவர் தனக்காக வேலை செய்யும்போது சும்மா இருப்பது அவள் வழக்கத்தில் இல்லை. நடந்து முடித்ததும் சிபியுவின் பின்பக்கம் போய் உட்காருவாள். அங்கே கார்டின் ஃபேன் வெதுவெதுவென்று காற்றுத் தள்ளும். அதில் விரல்களைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு மடக்கி நீட்டுவாள். கண்ணெதிரே மானிட்டரில் அந்தப் புரதமோ என்னவோ, கலர் கலராக நெளியும். மாப்பிள்ளை, மாசி பிறப்பதற்குள் அவள் தன் கையால் காபி டம்ளரைச் சிந்தாமல் தூக்கினாள். நான் கொல்லைப்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி என் திருவிளையாடல். ஒரு நாள் மெஷின் அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. மேலிடத்திலிருந்து எது வந்தாலும் சரி என்று சொல்லியே ரிட்டையர் ஆனவன் நான், சரி என்றேன். ரீஸ்டார்ட் ஆனது. வந்ததும், பயன்படுத்தத் தக்க கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரி. புரதத்தைக் காணோம், ஃபேன் சத்தத்தைக் காணோம், பின்பக்கம் தொட்டால் ஐஸாக இருக்கிறது. அவள் எழுந்து வந்து என்ன என்று கேட்க, இன்றைக்கு மெஷினுக்கு வார விடுமுறை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "அப்போ எனக்கும்தான்" என்று போய்ப் படுத்துவிட்டாள். அன்று மாலை டம்ளர் கையில் நிற்கவில்லை, காபி மொத்தமும் புடவையில். தானே துணி எடுத்துத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெஷின் நின்றது தெரிந்தால் இவள் நின்றுவிடுவாள், தெரியவே கூடாது என்று அந்த நிமிஷம் முடிவெடுத்தேன்.

மறுநாளே ஏற்பாடு செய்துவிட்டேன். உங்கள் ஆபீஸ் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் புரதம் நெளிவதை வீடியோ எடுத்து மெஷினிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அதைத் திரை முழுக்க வைத்து, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி செய்தேன். படம் ஆயிற்று, சத்தம் வேண்டும். முக்தார் கடைக்குப் போய், சின்னதாக, நன்றாக இரைச்சல் போடுகிற டேபிள் ஃபேன் ஒன்று வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எல்லாரும் சத்தம் வரக் கூடாதுன்னு எடுத்துகினு வராங்க சார், நீங்க ஒருத்தர்தான் சத்தம் கேட்டு வர்றீங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பரணிலிருந்து பழைய ஃபேன்களை இறக்கி ஒவ்வொன்றாக ஓட்டி, என்னைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லி, கார்டின் குரலுக்குச் சரியாக வருகிற ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். அதை சிபியுவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். சத்தமும் ஆயிற்று. ஆனால் காற்று குளிர்ந்து வருகிறது, அவள் விரல்களுக்கு வேண்டியது சூடு. யோசித்து யோசித்துக் கடைசியில் வீட்டில் இருந்த வெந்நீர்ப் பையை எடுத்தேன். அவள் எழுவதற்கு முன்னால் எழுந்து, அடுப்பில் தண்ணீர் காயவைத்து, பையில் ஊற்றி, ஃபேனுக்கு முன்னால் சாய்த்து, மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டுவிடுவேன். அன்றிலிருந்து தினமும் இதுதான் என் முதல் வேலை. காற்று வெதுவெதுப்பாக வருகிறது. உங்கள் அத்தையும் நடக்கிறாள். நடந்துவிட்டு அந்தப் பையின் சூட்டில் விரல் காட்டி, ஓடாத மெஷினை நன்றியோடு பார்க்கிறாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இதற்கு நடுவே நீங்கள் போனில் சொன்னதை எல்லாம் அவள் அடுத்த தெருவில் தில்ஷாத் வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்துச் செய்தேன். தில்ஷாத் முக்தாரின் வீட்டுக்காரம்மா, பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார், அந்த வகையில் நமக்குப் பெரிய உதவி. முதலில் உள்ளே செருகியிருக்கிற சாமான்களை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தீர்கள். தட்டினேன். அது அப்படியே நம் அட்டெண்டன்ஸ் மாதிரிதான், கூப்பிட்டால் ஒவ்வொன்றும் உள்ளேன் ஐயா சொல்கிறது. கார்டும் சொன்னது. அப்பாடா என்றேன். அடுத்த கட்டளையில் டிரைவரைக் கூப்பிடச் சொன்னீர்கள், பதிலே இல்லை. அதாவது கார்டு வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது, அதை வேலை வாங்குகிற டிரைவர் என்கிற புரோகிராம் வரவில்லை. அப்டேட்டில் லினக்ஸின் அடிப்படையே புதிதாக மாறிவிட்டது மாமா, பழைய டிரைவருக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை, டிரைவரைத் திரும்பப் போடுங்கள் என்றீர்கள். போடப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. நான் தட்டுகிறேன், திரையில் ஒரு புள்ளி கூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று கவிழ்த்துப் போட்டுத் தட்டினால் முறுக்குத் தூள் கொட்டியதே தவிர எழுத்து வரவில்லை. பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அப்படித்தான் ஏற்பாடு என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். எழுதுகிறவனுக்கே தெரியாமல் எழுதவைப்பது என்ன ஏற்பாடோ, இதைச் செய்தவனை மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றி ஓடவைக்க வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன்.

டிரைவர் ஏறிற்று. ஏறும்போது, ஒரு தடவைக்கு மட்டும் என்று புதிதாக இன்னொரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். இனிமேல் ரீஸ்டார்ட் செய்யுங்கள் மாமா, நீல நிறத்தில் ஒரு திரை வரும், இந்த டிரைவரை நம்பலாமா என்று மெஷின் உங்களிடம் சம்மதம் கேட்கும், கீபோர்டில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தி, பட்டியலில் சேர் என்று சொல்லி, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றீர்கள். மறுநாள் போன் செய்து நீலத் திரை வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை என்றேன். அதற்கப்புறம் நீங்கள் பாவம் வேறு எதை எதையோ சந்தேகப்பட்டு, ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, கார்டையே மாற்றிவிடலாமா என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள். மாப்பிள்ளை, நீலத் திரை வந்தது. போனில் வாய் வரவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

முதல் தடவை வந்தது வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்த்தேன், சரியாக ராகு காலம். நான் பெரிய பக்திமானும் இல்லை, ஆனால் எந்த முதல் காரியத்தையும் ராகு காலத்தில் தொட்டதில்லை. மணவூரில் நடந்த ஸ்போர்ட்ஸில் சீஃப் கெஸ்ட் வந்து உட்கார்ந்த பிறகும் நூறு மீட்டர் ஓட்டத்தைத் தள்ளிவைத்தவன். இதுவோ உங்கள் அத்தையின் உடம்பு சம்பந்தப்பட்டது. சரி, முடியட்டும், பன்னிரண்டு அடித்ததும் அழுத்துவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தத் திரைக்குப் பொறுமை இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தது, நான் ஒன்றும் சொல்லாததால் தானே போய்விட்டது. டிரைவரை நம்பவில்லை, கார்டுக்கு வேலை இல்லை. பிறகு நல்ல நேரம் பார்த்து ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருமுறை கேட்டுப் பதில் இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தை அது தூக்கிப் போட்டுவிடும் போலிருக்கிறது, மறுபடி டிரைவர், மறுபடி பாஸ்வேர்டு என்று முதலிலிருந்து வர வேண்டும். வந்தேன். இந்த முறை நல்ல நேரத்தில்தான் நீலத் திரை வந்தது, விரலையும் நீட்டிவிட்டேன், வாசலில் உங்கள் அத்தையின் செருப்புச் சத்தம். அன்று பார்த்து தில்ஷாத் ஊரில் இல்லை. பதறிப்போய் மானிட்டரை அணைத்துவிட்டு, அதற்கு முன்னால் கையை விரித்துத் தேகப்பயிற்சி செய்கிறவன் மாதிரி நின்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். மானிட்டரைப் போட்டபோது நீலம் போய்விட்டிருந்தது. ராகு காலத்துக்குப் பயந்து கார்டைக் கெடுத்த மாமனார் என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன். அதனால்தான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கிருத்திகைக்கு சாமி பார்க்க வருவதாக அனிதாவிடம் சொல்லிவிட்டு நீங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும். நாள் நட்சத்திரம் நான் பார்த்து வைக்கிறேன். நான் உங்கள் அத்தையைத் தில்ஷாத் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், நீங்கள் பட்டனை அழுத்துங்கள். பையை எடுத்துவிட்டு நிஜக் கார்டின் காற்று வந்துவிட்டால் அவள் நன்றி சேர வேண்டிய இடத்தில் சேரும், எனக்கும் காலையில் எழுந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது. நாற்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவளிடம் நான் எதையும் இத்தனை நாள் மறைத்ததில்லை. அவள் நடந்துவிட்டு வந்து அந்த வெந்நீர்ப் பைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம், எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வருகிறது. சொன்னால் நடை நின்றுவிடுமே என்று விழுங்கிக்கொள்கிறேன். மெஷின் கெட்டால் சரி செய்யலாம். அவள் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வேறு வழி தெரியாது, மாப்பிள்ளை.

அனிதாவுக்கு இந்த நைனாவின் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் பெற்றோருக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். வேலன் துணையில் எல்லோரும் தழைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கோதண்டம்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கவரில் போடுவதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி செய்வோம் என்று மறுபடி டிரைவரைப் போட்டு, பாஸ்வேர்டு வைத்து, ரீஸ்டார்ட் கொடுத்தேன். நீலத் திரை வந்தது. நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை, மூன்று மணி தாண்டிவிட்டது, மறுபடியும் ராகு காலம். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து, "இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கீங்க, அழுத்துங்க" என்று குரல். உங்கள் அத்தை. செருப்புப் போடாமல் வந்திருக்கிறாள். இது வேறு ஒன்றுமில்லை, மெஷினைத் துடைக்கிறேன் என்றேன். அவள் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள். "அந்தப் படம் தெனமும் ஒரே எடத்துலதான் திரும்புது. எனக்குக் கைதான் நடுங்குது, கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள். பையுமா தெரியும் என்று கேட்டேன். "என் இடுப்பு வலிக்கு நான் வாங்கியாந்த பை. அந்த ரப்பர் வாசன எனக்குத் தெரியாதா" என்றாள். முதல் நாளே தெரியுமாம். தெரிந்துமா நடந்தாய் என்று கேட்டேன். "காலங்காத்தால எழுந்து ஒரு மெஷினுக்கு வெந்நீர் போடற மனுசன் வூட்ல இருக்கும்போது, நான் உக்காந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்" என்றாள்.

இதைச் சொல்லிக்கொண்டே கையை கீபோர்டின் மேல் ஊன்றினாள். அந்தக் கை சும்மா இருக்குமா, நடுக்கத்தில் எந்தப் பட்டனோ அழுந்திவிட்டது. நீலத் திரைக்கு எந்தப் பட்டனானாலும் சம்மதம்தானே, பட்டியல் வந்து நின்றது. ராகு காலமாவது ஒன்றாவது என்று நீங்கள் சொன்னபடி சேர்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அது உங்கள் அத்தையின் பெயர்தான், கௌரியம்மாள் என்று முழுசாக வைத்திருந்தேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. திரையில் எதுவும் தெரியாமல் வைத்த அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும், அவனை ஓடவைக்க வேண்டும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். மெஷின் வந்தது. கட்டளையைத் தட்டினேன், கார்டும் டிரைவரும் சேர்ந்து உள்ளேன் ஐயா சொன்னார்கள். ஃபேன் இரைந்தது, புரதம் நெளிகிறது, இந்த முறை வேறு வேறு இடத்தில் திரும்புகிறது. அவளே சொன்னாள்.

ஆகவே நீங்கள் ரிப்பேருக்கு வர வேண்டாம், சாப்பிட வாருங்கள், அனிதாவையும் அழைத்துக்கொண்டு. கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம், அவளே படிக்கட்டும். முக்தாரிடம் ஃபேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெந்நீர்ப் பையையும் அலமாரியில் எடுத்து வைக்கப் போனேன், உங்கள் அத்தை தடுத்துவிட்டாள். சிபியுவுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தக் காற்றில் அந்தச் சூடு இல்லை, நாளைக் காலையிலும் வெந்நீர் போட்டு வைத்துவிடுங்கள் என்கிறாள்.